ஒற்றை மூலக்கூறுக்கு நிழல் உண்டா?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு ஒரு நானோமீட்டர். பென்டசீன் என்ற மூலக்கூறின் நீளம் ஒன்றரை நானோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். அதன்மேல் படும் ஆரஞ்சு நிற ஒளியின் அலைநீளமோ கிட்டத்தட்ட 600 நானோமீட்டர். நாற்பது மீட்டர் நீளத்துக்கு எழும்பி வரும் கடலலைக்கு முன்னால் பத்து சென்டிமீட்டர் குச்சி ஒன்றை நட்டுவைத்தால் எப்படியோ, கணக்கு அப்படித்தான் இருக்கிறது. அலை அந்தக் குச்சியைக் கண்டுகொள்ளவே செய்யாது, குச்சிக்குப் பின்னால் கடல் அமைதியாகவும் இருக்காது. மூலக்கூறு விஷயத்திலும் இதையேதான் எதிர்பார்ப்போம். ஆனால் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்தில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் ஒளி அறிவியல் நிறுவனத்தில் வாகித் சந்தோக்தார் குழு 2019இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், ஒரே ஒரு மூலக்கூறு லேசர் கற்றை ஒன்றின் 99 சதவீதத்தை மறித்துவிட்டது. ஒன்றே ஒன்று!

இது எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போனால், ஒளி பற்றிப் பள்ளியில் படித்த ஒரு விஷயத்தையே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொருள் ஒளியை 'விழுங்குகிறது', அதனால் பின்னால் நிழல் விழுகிறது என்றுதானே படித்தோம். ஒற்றை மூலக்கூறின் நிழலில் விழுங்குவது என்ற வேலையே கிடையாது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அளவு. ஒரு மூலக்கூறு எவ்வளவு பரப்பில் வரும் ஒளியைப் பிடிக்கும் என்பதை இயற்பியலில் குறுக்குவெட்டுப் பரப்பு என்பார்கள், இங்கே நான் பிடிபரப்பு என்றே எழுதப்போகிறேன். ஆற்றல் குறைந்த அடிநிலை ஒன்று, ஒளியை வாங்கி ஏறும் கிளர்வுநிலை ஒன்று என்று இரண்டே நிலைகள் உள்ள ஒரு பொருளுக்கு, அதன் சொந்த அதிர்வெண்ணிலேயே ஒளி வந்தால், பிடிபரப்பு அலைநீளத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி இரண்டு பையால் (2π) வகுத்தால் கிடைக்கும். இந்தச் சூத்திரத்தில் மூலக்கூறின் அளவு எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அலைநீளம் மட்டும்தான் இருக்கிறது. பென்டசீனுக்கு 593 நானோமீட்டர் என்று போட்டால் ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம் வரும். மூலக்கூறின் சொந்தப் பரப்போடு ஒப்பிட்டால் இது ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் பெரியது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குச்சி இருக்கும், அதன்மேல் மெல்லிய செம்புக்கம்பி சுற்றியிருக்கும். மீடியம் வேவ் அலைகளின் நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். அந்தக் குச்சி அவ்வளவு பெரிய அலையிலிருந்து பாட்டைப் பிடித்து எடுத்துவிடுகிறது, ஏனென்றால் குமிழைத் திருப்பி நாம் அதை அந்த ஒரு அதிர்வெண்ணுக்கு இசைய வைத்திருக்கிறோம். இசைந்துவிட்டால் சின்ன ஆன்டெனாவும் தன்னைச் சுற்றி வெகுதூரம்வரை அலையின் ஆற்றலை வளைத்துத் தன் பக்கம் இழுக்கும். மூலக்கூறும் ஓர் ஆன்டெனாதான். என்ன, குமிழ் மட்டும் நம் கையில் இல்லை, மூலக்கூறுக்கு ஏற்றபடி லேசரைத்தான் நாம் திருப்ப வேண்டும்.

அப்படியானால் நம்மைச் சுற்றியுள்ள சாயங்களில் எல்லாம் இது ஏன் தெரிவதில்லை? ஹைலைட்டர் பேனாவின் மையில் கோடானுகோடி மூலக்கூறுகள் ஒளிர்கின்றன, அவற்றில் எதற்கும் அரை மைக்ரோமீட்டர் பிடிபரப்பு கிடையாது. காரணம் சூடு. அறை வெப்பத்தில் மூலக்கூறு சும்மா இருப்பதில்லை. அதன் கார்பன் எலும்புக்கூடு நெளிகிறது, சுற்றியுள்ள மூலக்கூறுகள் இடித்துக்கொண்டே இருக்கின்றன, ஒவ்வோர் இடிக்கும் அதன் சொந்த அதிர்வெண் கொஞ்சம் விலகுகிறது. ஒரு நிறத்துக்கு மட்டும் இசைய வேண்டியது பல பத்து நானோமீட்டர் அகலத்துக்கு எல்லா நிறத்துக்கும் அரைகுறையாக இசைகிறது. அகலம் எத்தனை மடங்கு கூடுகிறதோ பிடிபரப்பு அத்தனை மடங்கு குறையும். பென்டசீன் மாதிரி ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் குறைவு லட்சக்கணக்கான மடங்கில் வருகிறது, கடைசியில் மிஞ்சும் பிடிபரப்பு மூலக்கூறின் சொந்த அளவைவிடவும் சின்னது. ஸ்டேஷன் எல்லாம் ஒன்றாகக் கேட்கும் ரேடியோ போல.

(அறை வெப்பத்திலும் ஒற்றை மூலக்கூறின் நிழலைப் பார்த்திருக்கிறார்கள், 2010 வாக்கில் வெவ்வேறு வழிகளில் மூன்று குழுக்கள். ஆனால் அங்கே ஒளி குறைவது பத்து லட்சத்தில் சில பங்கு மட்டுமே. அதை அளக்க அவர்கள் பட்ட பாடு தனிக்கதை.)

ஆக, குளிர்விக்க வேண்டும். திரவ ஹீலியத்தின் உதவியால் இரண்டு, மூன்று கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 270 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் இடிப்பு அடங்கிவிடும். அப்போது மூலக்கூறின் கோடு, அதாவது அது இசையும் நிறப்பட்டை, எவ்வளவு மெலியும் என்பதை ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது: கிளர்வுநிலையில் அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது. பென்டசீன் இருபது நானோநொடிக்குக் கொஞ்சம் மேல் தங்கும், அதனால் கோட்டின் அகலம் 8 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. டைபென்சோடெரிலீன் என்ற இன்னொரு மூலக்கூறு நாலு நானோநொடிதான் தங்கும், அதன் கோடு 40 மெகாஹெர்ட்ஸ். பென்டசீனின் அதிர்வெண் சுமார் 505 டெராஹெர்ட்ஸ் என்பதை வைத்துப் பார்த்தால், அது தன் நிறத்தை ஆறு கோடியில் ஒரு பங்கு துல்லியத்தோடு பிடித்து வைத்திருக்கிறது. லேசர் இந்த அளவுக்குத் தப்பினாலும் மூலக்கூறுக்கு அது வேறு நிறம்.

இந்தத் துல்லியம்தான் கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கும் வழியையும் தந்தது.

குவாண்டம் இயற்பியலின் முன்னோடிகளில் ஒருவரான ஷ்ரோடிங்கர் 1952இல் எழுதியது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்: ஓர் எலக்ட்ரானையோ ஓர் அணுவையோ ஒரு சின்ன மூலக்கூறையோ தனியாக வைத்துக்கொண்டு நாம் ஒருபோதும் பரிசோதனை செய்வதில்லை, கற்பனைப் பரிசோதனைகளில்தான் அப்படிச் செய்வதாக வைத்துக்கொள்கிறோம், வைத்துக்கொண்டால் அபத்தமான முடிவுகளில் போய் நிற்கிறோம் என்றார். அவர் காலத்துக்கு அது நியாயமான பேச்சுதான். ஆனால் 1989இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐபிஎம் நிறுவனத்தின் அல்மாடன் ஆய்வகத்தில் வில்லியம் மோர்னரும் லோதர் காடோரும் ஒரு படிகத்துக்குள் இருந்த ஒற்றை பென்டசீன் மூலக்கூறின் நிழலைப் பார்த்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு இதில் என்ன வேலை? படிகத்துக்குள் வெவ்வேறு நிறங்களுக்கு இசையும் மூலக்கூறுகளை வைத்து ஒரே புள்ளியில் ஏராளமான தகவலைச் சேமிக்க முடியுமா என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சேமிப்புத் தொழில்நுட்பம் கடைகளுக்கு வரவில்லை. அதன் அடிப்படை வரம்பு எங்கே என்று தோண்டப் போனதில் ஒற்றை மூலக்கூறு கிடைத்தது.

எப்படிப் பிரித்தார்கள் என்பதில்தான் அழகு இருக்கிறது. நம் வீட்டு அலமாரியில் துணிகளுக்கு நடுவே போடும் அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலீன், அதாவது இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு. மூன்று ஒட்டினால் ஆந்த்ரசீன், ஐந்து ஒட்டினால் பென்டசீன். பாரா-டெர்ஃபினைல் என்பதும் உறவுக்காரன்தான், மூன்று வளையங்கள் ஒட்டாமல் வரிசையாகக் கோத்திருக்கும். அந்த டெர்ஃபினைல் படிகத்தில் பென்டசீனை மிக மிகக் கொஞ்சமாகக் கலந்தால், டெர்ஃபினைல் உட்கார வேண்டிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பென்டசீன் உட்கார்ந்துகொள்ளும். படிகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒவ்வோர் இருக்கையிலும் அக்கம்பக்கம் கொஞ்சம் வேறுபடும், ஓரிடத்தில் ஓர் அழுத்தம், இன்னோரிடத்தில் ஒரு சின்னக் குறை. அதனால் ஒவ்வொரு பென்டசீனின் நிறமும் பத்து, நூறு, ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் என்று தள்ளித்தள்ளி நிற்கும். நடுவில் பெருங்கூட்டம். ஓரத்துக்குப் போகப்போகக் கூட்டம் குறையும், இன்னும் ஓரத்துக்குப் போனால் லேசரின் நிறத்துக்கு இசைவது ஒரே ஒரு மூலக்கூறாக இருக்கும். ஊர்த் திருவிழாவில் தேரைச் சுற்றி ஆள் முகமே தெரியாது, தெருக்கோடியில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் இல்லையா, அந்த மாதிரி. இடத்தில் நெருங்கிக் கிடப்பவற்றை நிறத்தில் பிரிக்கிறார்கள்.

அந்துருண்டை என்றது சும்மா உவமைக்காக இல்லை. டைபென்சோடெரிலீனை நாப்தலீன் படிகத்துக்குள்ளேயே வைத்து ஒற்றை மூலக்கூறு ஆய்வு செய்திருக்கிறார்கள், 1996இல். அலமாரியில் அந்துருண்டை நாளுக்கு நாள் கரைந்து சின்னதாவது, அது உருகாமலேயே ஆவியாவதால். அதே குணத்தை வைத்துத்தான் ஆய்வகங்களில் ஆந்த்ரசீன் மாதிரியான படிகங்களையும் மெல்லிய தகடாக வளர்க்கிறார்கள்: தூளைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிர்ந்த இடத்தில் படியவிடுவது.

மோர்னரும் காடோரும் நிழலைத் தேடியதால் பட்ட கஷ்டம் அதிகம். ஏராளமான ஒளியில் ஒரு துளி குறைவதைப் பார்க்க வேண்டும், லேசரைக் கூட்டினால் சிக்னல் தெளிவாகும் என்று பார்த்தால் கூட்டக்கூட மூலக்கூறின் கோடே அகலமாகிப் போகும். லேசரின் அதிர்வெண்ணை வேகமாக ஆட்டி, கூடவே மின்புலத்தாலோ ஒலியாலோ மூலக்கூறையும் ஆட்டி, இரண்டு ஆட்டத்துக்கும் ஒத்து வருவதை மட்டும் வடிகட்டி எடுத்தார்கள். அடுத்த வருடமே, 1990இல், பிரான்சின் போர்தோ நகரத்தில் மிஷேல் ஒரித்தும் ஜாக்கி பெர்னாரும் இதை எளிதாக்கிவிட்டார்கள். நிழலை விடு, மூலக்கூறு திருப்பி உமிழும் ஒளியைப் பார் என்பது அவர்கள் வழி. மூலக்கூறு கிளர்ந்து கீழே விழும்போது பல சமயம் நேராக அடிநிலைக்கு வராமல் அதன் எலும்புக்கூடு ஆடிக்கொண்டிருக்கும் ஓர் அதிர்வுநிலையில் காலை ஊன்றி வரும், அப்போது வெளிவரும் ஒளி கொஞ்சம் சிவந்திருக்கும். லேசரின் நிறத்தை அடைத்து அந்தச் சிவந்த ஒளியை மட்டும் விடும் ஃபில்டர் ஒன்றை டிடெக்டர் முன் வைத்தால் பின்னணி கிட்டத்தட்ட இருட்டு. இருட்டில் ஒரு விளக்கைத் தேடுவது சுலபம்தானே.

இப்படி ஒரு பரிசோதனையில் திரையில் என்ன தெரியும் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். லேசரின் அதிர்வெண் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்கிறது. டிடெக்டர் எண்ணிக்கை தரையோடு தரையாகக் கிடக்கிறது, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. திடீரென்று ஊசி போல ஒரு முனை எழுந்து சில பத்து மெகாஹெர்ட்ஸுக்குள் இறங்கிவிடுகிறது. அது ஒரு மூலக்கூறு. மறுபடி தரை. கொஞ்சம் தள்ளி இன்னோர் ஊசி, அது இன்னொரு மூலக்கூறு. திரும்பவும் அதே இடத்துக்கு லேசரைக் கொண்டுவந்தால் அதே ஊசி அதே இடத்தில் நிற்கும். அறை வெப்பத்தில் ஒளிரும் சாய மூலக்கூறு ஆக்சிஜன் பட்டுச் சீக்கிரமே செத்துப்போகும், குளிரில் படிகத்துக்குள் இருப்பதை நாள்கணக்கில் வைத்துப் பார்க்கலாம். எல்லாம் அவ்வளவு ஒழுங்கு என்றும் சொல்ல முடியாது. சில ஊசிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடம் மாறிக் குதிக்கும். பக்கத்து இருக்கையில் ஏதோ ஒன்று புரண்டு படுத்திருக்கும், அவ்வளவுதான். 1991இல் ஆம்ப்ரோசும் மோர்னரும் இதை ஒற்றை மூலக்கூறில் பார்த்தார்கள். கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரியில் இந்தக் குதிப்பெல்லாம் கரைந்து காணாமல் போயிருக்கும்.

சரி, நிழலுக்குத் திரும்புவோம்.

லேசர் வருகிறது, மூலக்கூறைத் தாண்டிப் போகிறது, எதிரே டிடெக்டர் இருக்கிறது. சரியான நிறத்தில் டிடெக்டரில் ஒளி குறைகிறது. குறைந்த ஒளி எங்கே போனது? மூலக்கூறு அதைத் தின்று வைத்துக்கொள்ளவில்லை, சில நானோநொடிக்குள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஒளியாகவே வெளியே விட்டுவிடுகிறது. நடப்பது குறுக்கீடு. லேசரின் மின்புலம் மூலக்கூறின் எலக்ட்ரான்களை ஊஞ்சல் ஆட்டுவதுபோல ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான் தானும் ஓர் அலையை எல்லாப் பக்கமும் அனுப்புகிறது. ஊஞ்சலை அதன் சொந்தத் தாளத்திலேயே ஆட்டினால் ஊஞ்சல் நம் கையைவிடக் கால் சுற்று பின்தங்கி ஆடும், எலக்ட்ரானும் அப்படியே. குவிந்து விரியும் லேசர் கற்றை தன் பங்குக்கு இன்னொரு கால் சுற்று வித்தியாசத்தைச் சேர்க்கிறது. இரண்டும் சேர்ந்து அரைச் சுற்று. அதாவது முன்னோக்கிப் போகும் திசையில், லேசர் அலை மேலே ஏறும் இடத்தில் மூலக்கூறின் அலை கீழே இறங்குகிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. முன்னால் அடிபட்ட ஆற்றல் மற்றத் திசைகளில் சிதறிப் போகிறது. நிழல் என்று நாம் பார்ப்பது மூலக்கூறு ஒளியை மறைத்ததால் வந்ததில்லை, மூலக்கூறு ஒளியை *வெளியிட்டதால்* வந்தது!

இதை வெறும் வார்த்தை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சான்று. டிடெக்டர் முன்னால் ஒரு போலரைசரை (ஒரு திசையில் ஆடும் ஒளியை மட்டும் விடும் தகடு) வைத்துத் திருப்பினால், லேசர் அலைக்கும் மூலக்கூறு அலைக்கும் உள்ள விகிதத்தை மாற்றலாம். அப்போது திரையில் குழியாக இருந்தது சாய்ந்த நெளிவாக மாறும், இன்னும் திருப்பினால் மேடாகவே மாறிவிடும். விழுங்குகிற பொருளாக இருந்தால் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒளி குறையத்தானே வேண்டும்?

இன்னொரு விநோதம், லேசரைக் கூட்டினால் நிழல் மறைந்துவிடும். மூலக்கூறு ஒரு சமயத்தில் ஒரு ஃபோட்டானைத்தான், அதாவது ஒளியின் ஒரு துணுக்கைத்தான், கவனிக்க முடியும். நாலு நானோநொடி தங்கும் மூலக்கூறை எவ்வளவு விரட்டினாலும் நொடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கோடி ஃபோட்டான்களுக்கு மேல் கையாள வைக்க முடியாது. கேட்கப் பெரிய எண்தான். ஆனால் ஒரு மில்லிவாட் சிவப்பு லேசர் பாயின்டர் நொடிக்கு அனுப்புவது மூவாயிரம் லட்சம் கோடிக்கும் மேல். அந்த வெள்ளத்தில் மூலக்கூறு இருக்கும் இடமே தெரியாது. மரத்தடி நிழல் வெயில் ஏறினால் மறைவதில்லை, இன்னும் கறுப்பாகத்தான் தெரியும். இந்த நிழல் வெளிச்சம் மங்கலாக இருந்தால்தான் விழும்.

கோட்பாடு தயாராக இருந்தும் பெரிய நிழல் கிடைக்க வெகுகாலம் ஆனது. அரை மைக்ரோமீட்டர் பிடிபரப்பு என்றால் லேசரையும் அரை மைக்ரோமீட்டருக்குக் குவித்தாக வேண்டும், அதுவும் ஹீலியம் குளிரில், மூலக்கூறின் மேலேயே. சந்தோக்தார் அப்போது சூரிக் இடிஎச் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 2007, 2008 வாக்கில் அவர் குழு படிகத்தோடு ஒட்டிய அரைக்கோள லென்ஸ் வழியாகக் குவித்து பத்து சதவீதத்துக்கு மேல் நிழல் காட்டியது. அதைத் தாண்டிப் போவதற்குத் தடை லென்ஸ் மட்டும் இல்லை, மூலக்கூறின் குணமும்தான். அணு மாதிரி இதற்கு இரண்டே நிலைகள் இல்லை. கிளர்ந்தது கீழே வரும்போது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரைதான் நேராக வருகிறது, மிச்சம் அதிர்வுநிலைகள் வழியாகச் சிவந்த ஒளியாகப் போகிறது. ஒரித்துக்கு வரமாக இருந்த அந்தச் சிவந்த ஒளி, இங்கே சாபம். நிறம் மாறிய அலை லேசரோடு குறுக்கிடாது, நிழலுக்கு உதவாது.

அதே சூரிக் குழு 2009இல் இந்தக் குணத்தையே பயன்படுத்தி ஒரு காரியம் செய்தது. இரண்டாவது லேசர் ஒன்றால் மூலக்கூறை மேல்நிலையிலேயே நிறுத்திவைத்தால், முதல் லேசர் கற்றை குறைவதற்குப் பதிலாக மிகச் சின்ன அளவில் பெருகியது. ஒற்றை மூலக்கூறு ஒளி டிரான்சிஸ்டர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பெயர் கொஞ்சம் ஜாஸ்தி, பெருக்கம் அவ்வளவு சின்னது, ஒன்றை இன்னொன்றோடு கோத்துச் சுற்று அமைக்கும் வழியும் இல்லை. ஆனால் ஒரு கற்றை இன்னொரு கற்றையின் கதியை ஒரே மூலக்கூறு மூலம் மாற்றியது என்பது நிஜம்.

அதிர்வுநிலைகள் தரும் தொல்லைக்கு 2019இல் கண்ட மருந்து கண்ணாடிகள். மூலக்கூறு உள்ள மெல்லிய ஆந்த்ரசீன் படிகத்தை மிக நெருக்கமான இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, அவற்றின் இடைவெளியை மூலக்கூறின் நிறத்துக்கு இசைய வைத்தார்கள். ஒளி அந்த இடைவெளியில் முன்னும் பின்னும் போய்வந்து மூலக்கூறைத் திரும்பத்திரும்பச் சந்திக்கிறது. அதைவிட முக்கியம், அந்த ஒரு நிறத்தில் உமிழ்வதற்கு மட்டும் கதவு அகலத் திறந்துகிடப்பதால் மூலக்கூறு அதிர்வுநிலைகளை விட்டுவிட்டு அந்த வழியாகவே விரைந்து வெளியேறுகிறது. சிக்கலான ஒரு மூலக்கூறு, இரண்டே நிலை உள்ள அணுவைப் போல நடந்துகொள்ள ஆரம்பிக்கிறது. முதலில் சொன்ன 99 சதவீதம் அங்கேதான் கிடைத்தது. அது கிளர்ந்திருக்கும் நேரத்துக்குச் சராசரியாக அரை ஃபோட்டானுக்கும் குறைவாக வரும் ஒளியிலேயே மூலக்கூறு திணறியும் போனது.

நான் இதுவரை ஒன்று, ஒன்று என்று சொல்லிக்கொண்டு வருகிறேன், அது ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? திரையில் ஒரே ஊசிதான் இருக்கிறது என்பது போதாது, இரண்டு மூலக்கூறுகள் தற்செயலாக ஒரே நிறத்தில் நிற்கலாம். இதற்கு ஒளியிடமே கேட்பார்கள். ஒரு மூலக்கூறு ஒரு ஃபோட்டானை விட்டபின் அடுத்ததை விட மறுபடி மேலே ஏற வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும், ஆகவே ஒரே கணத்தில் இரண்டு ஃபோட்டான் வரவே முடியாது. வரும் ஒளியைப் பாதி விடும் பாதி திருப்பும் கண்ணாடியில் விட்டு, இரு பக்கமும் ஆளுக்கு ஒரு டிடெக்டர் வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் க்ளிக் ஆகின்றனவா என்று எண்ணினால், ஒன்றே ஒன்று என்றால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இரண்டு டிடெக்டர் எதற்கு, ஒன்று போதாதா? போதாது, ஏனென்றால் ஒரு டிடெக்டர் ஒரு ஃபோட்டானைப் பிடித்தபின் சில பத்து நானோநொடி கண்ணிருண்டுபோகும், நாம் பார்க்க வேண்டிய சங்கதியே அந்த நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். 1977இல் சோடியம் அணுக்களில் கிம்பிள், டாகனே, மாண்டல் மூவரும் ஃபோட்டான்கள் இப்படி விலகி விலகி வருவதைக் காட்டினார்கள், பென்டசீன் மூலக்கூறில் 1992இல் பாஷே, மோர்னர், ஒரித், தாலோன் நால்வரும்.

இன்னும் நீண்ட நேர அளவில் பார்த்தால் கதை தலைகீழ். ஃபோட்டான்கள் கொத்துக்கொத்தாக வருகின்றன, நடுநடுவே இருட்டு. கிளர்ந்த மூலக்கூறு எப்போதாவது டிரிப்லெட் என்ற வேறொரு நிலைக்குள் வழுக்கி விழுந்துவிடும், அங்கிருந்து வெளிவர அதற்கு மைக்ரோநொடிக் கணக்கில் நேரம் வேண்டும், அதுவரை லேசர் எவ்வளவு தட்டினாலும் கதவு திறக்காது. டைபென்சோடெரிலீன் இத்தனை பேருக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம், அது இந்தக் குழியில் விழுவது மிக அரிது.

குளிரே வேண்டாம் என்று வேறு பாதையில் போனவர்களும் உண்டு. 2016இல் கேம்பிரிட்ஜில் ஜெரமி பாம்பர்க் குழு, தங்கத் தகட்டுக்கும் தங்கத் துகளுக்கும் இடையே ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் மெத்திலீன் புளூ மூலக்கூறை, பீப்பாய் வடிவ மூலக்கூறு ஒன்றுக்குள் வைத்து நிமிர்த்தி நிறுத்தியது. ஒளி அந்தச் சந்துக்குள் நசுங்கும்போது அதன் பிடி அவ்வளவு பலமாகிறது, அறை வெப்பத்திலேயே ஒளியும் மூலக்கூறும் கலந்து ஒரே பொருளாகிவிடுகின்றன. பிரமாதமான வேலை, ஆனால் தங்கம் ஒளியை மிக வேகமாகத் தின்றுவிடும், இங்கே நிஜமாகவே தின்றுவிடும். துல்லியமான ஒற்றை ஃபோட்டான்கள் வேண்டும் என்றால் இப்போதைக்கு ஹீலியம் செலவைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வேறொரு சுவை. 2002இல் சந்தோக்தார் குழு ஒரு படிகத்துக்குள் 12 நானோமீட்டர் தள்ளியிருந்த இரண்டு டெரிலீன் மூலக்கூறுகளைக் கண்டது. அவ்வளவு நெருங்கியிருந்தால் ஒன்றின் அலை மற்றதை ஆட்டும், இரண்டும் சேர்ந்து ஒரே அமைப்பாக ஒளிரும். திரையில் இரண்டு ஊசிகள் தெரிந்தன, லேசரைக் கூட்டியபோது அவற்றுக்குச் சரியாக நடுவில் மூன்றாவது ஊசி ஒன்று எழுந்தது. அந்த நிறத்தில் எந்த மூலக்கூறும் இல்லை. இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து இரண்டு மூலக்கூறுகளையும் ஒன்றாகத் தூக்கும்போது மட்டும் வரும் ஊசி அது.

தூரத்தில் இருக்கும் இரண்டைச் சேர்ப்பது இன்னும் கடினம். வேதியியல் ஃபார்முலாவில் அச்சு அசல் ஒன்றாக இருந்தாலும் இருக்கை வேறு என்பதால் நிறம் வேறு, கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரிக்க உதவிய அதே வித்தியாசம் இப்போது குறுக்கே நிற்கிறது. மின்புலம் கொடுத்து ஒன்றின் நிறத்தை மெல்ல நகர்த்தி மற்றதன்மேல் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். அப்படிப் பொருத்திய பின், ஓர் ஆய்வகத்தில் ஒரு மூலக்கூறு உமிழ்ந்த ஃபோட்டான்களை ஒளியிழை வழியாக இன்னோர் ஆய்வகத்துக்கு அனுப்பி அங்கே வேறொரு மூலக்கூறின்மேல் குவித்தார்கள். அந்த ஒளியிலும் குழி விழுந்தது. நேரடியாக லேசர் படாமல், ஒரு மூலக்கூறின் வெளிச்சத்தில் இன்னொரு மூலக்கூறின் நிழல்.